மூன்றாம் கொட்டகை

ஒரு வாய் ஷிமரோன் தேநீர் குடித்துவிட்டுப் பேசலாமா, டாக்டர்? அந்தக் கசப்பு உள்ளே போகாவிட்டால் எனக்குப் பேச்சே வராது, நீங்கள் எழுதிக்கொள்ள ஒன்றும் இருக்காது.

உங்களுக்கு முன்னால் இங்கே கால்நடை மருத்துவராக இருந்த நொயெலி டாக்டரம்மா கெட்டிக்காரர். அதை நான் யாரிடமும் மறுத்ததில்லை.

இந்தப் பண்ணையில் இருபத்திரண்டு வருடமாக வான்கோழிக் குஞ்சுகளுக்கு அலகு வெட்டுவது நான்தான். பழுக்கக் காய்ச்சிய தகடு. தலையைப் பெருவிரலால் அழுத்திப் பிடித்தால் இரண்டே நொடி. வெட்டாமல் விட்டால் ஒன்றையொன்று கொத்திக் கொன்றுவிடும். நானே பார்த்திருக்கிறேன், டாக்டரம்மாவிடமும் சொல்லியிருக்கிறேன்.

ஒருநாள் நான் வெட்டிய குஞ்சு ஒன்றை அவர் கையில் ஏந்திக்கொண்டு வந்தார்.

"லியோனிர் அண்ணே, தீனிக்கு முன்னாடியே நிக்குது, கொத்த மாட்டேங்குது. வலிக்குதுண்ணே அதுக்கு."

"சாதுவா இருக்கும்மா."

"சாதுவா? வெட்டுன எடத்துல நரம்பு முடிச்சு விழுந்து வளருது. பேசத் தெரிஞ்சிருந்தா நம்ம ரெண்டு பேரையும் நாறடிச்சிருக்கும்."

முதலாளி வால்மோரிடம் மன்றாடி மூன்றாம் கொட்டகையைத் தன் பொறுப்பில் வாங்கிக்கொண்டார். அதில் ஒரு குஞ்சுக்கும் அலகு வெட்டவில்லை. நெரிசலைக் குறைத்தார். கொத்தி விளையாட வைக்கோல் கட்டுகள் போட்டார். விளக்கை மங்கலாக வைத்தார்; வெளிச்சம் கூடினால் கொத்துமாம்.

பதினோரு வாரம் ஆயிற்று. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சின்னக் கீறல்கள், அவ்வளவுதான். வைக்கோலைக் கிளறின, ஓடின, உட்கார்ந்து இறகை ஒவ்வொன்றாகக் கோதின. வான்கோழி அவ்வளவு நேரம் இறகு கோதும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. அன்று மதியம் பொலென்டாக் களியைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்தேன். இருபத்திரண்டு வருடத்தில் எத்தனை குஞ்சுகள் என்று யோசிக்கத் தொடங்கி, நிறுத்திவிட்டேன்.

அந்த வாரம் டாக்டரம்மா தங்கை கல்யாணத்துக்காக ஷாப்பெக்கோ போனார்.

"உங்கள நம்பித்தாண்ணே போறேன். விளக்க மட்டும் கூட்டிராதீங்க."

"போயிட்டு வாங்கம்மா, நான் பாத்துக்கறேன்."

விளக்கை முழுதாகக் கூட்டினேன். வைக்கோலை வெளியே இழுத்துப் போட்டேன். ஒரு நாள் முழுக்கக் காத்திருந்தேன். அப்போதும் அவை கொத்திக்கொள்ளவில்லை. அதனால் பிளேடை எடுத்துக்கொண்டு உள்ளே போய், பன்னிரண்டு சேவல்களின் முதுகில் ஒவ்வொரு கீறல் போட்டேன். சிறிய கீறல்தான். ரத்தத்தைக் கண்டால் வான்கோழி சும்மா இருக்காது. கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

டாக்டரம்மா திரும்பி வருவதற்குள் அறுநூற்றுப் பதினான்கு செத்திருந்தன. கல்யாணத்துக்கு உடுத்திய உடையோடு மரத்தூளில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். விளக்கையும் வைக்கோலையும் நான் பழையபடி வைத்திருந்தேன். முதலாளி அவரை அன்றே வேலையை விட்டுப் போகச் சொன்னார். வாசலில் டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"நீங்க சொன்னதக் கேட்டிருக்கணும்ணே. நான்தான் கொன்னுட்டேன்."

"விடுங்கம்மா. தெரியாம நடந்துபோச்சு" என்று அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். எனக்கும் அழுகை வந்தது. எத்தனை உயிர்கள்.

அலகு வெட்டியிருந்தால் ஒன்றுகூடச் செத்திருக்காது, டாக்டர். அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.