கையசைத்து வழியனுப்பிய ஊர்

வெந்நீர் ஊற்றின் நூற்றாண்டு விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெரிய விடுதியின் உரிமையாளர் அவர்களே, குளியல் மாளிகையின் நிர்வாகிகளே, ஊரின் பெயரைக் கட்டிக் காத்த பெரியோர்களே, துவாலை துவைத்துத் துவைத்துக் கைரேகை தேய்ந்த தாய்மார்களே, கொதிகலனுக்கு விறகு சுமந்த தோள்களே, நோய் தீர வந்த இடத்தில் விழாவும் பார்க்க அமர்ந்திருக்கும் விருந்தினர்களே, கடைசி வரிசையில் காலை நீட்டி, இந்த அம்மாள் எப்போது முடிப்பாள் என்று கடிகாரம் பார்க்கும் இளைஞர்களே, உங்கள் அனைவருக்கும் ஆற்றுக்கு அக்கரையில் தையற்கடை வைத்திருக்கும் இந்த எளியவளின் வணக்கம்.

இன்னும் ஒருவர் பாக்கி. மேடைக்கு வலப்புறம் புது வண்ணம் பூசிப் பழைய குதிரை வண்டி ஒன்றை நிறுத்தியிருக்கிறீர்கள். அதன் சன்னலோரம் தொப்பி வைத்து, வலக்கையை உயர்த்தி, உங்களைப் பார்த்துச் சிரிக்கிறதே ஒரு மரப்பொம்மை, அந்தப் பொம்மையம்மாளுக்கும் என் வணக்கம். சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள், இப்போதே சிரித்துவிடுவது நல்லது.

வட்டாரத்தின் வரலாற்றைப் பேசு என்றார்கள். வரலாறு என்ன வரலாறு? உழவும் ஆடும் தவிர வேறெதுவும் அறியாத வட்டாரம் இது. வானம் பார்த்து விதைத்து, வயிறு பார்த்து அறுத்த வட்டாரம். ஒருநாள் நொண்டிக் கழுதை ஒன்று சேற்றில் போய் நின்றது. சேறு சுட்டது. சுட்ட சேற்றில் நின்ற கழுதை சில நாளில் ஓடியது. கழுதையின் சொல்லை நம்பிக் கட்டிய ஊர் உலகத்திலேயே இது ஒன்றுதான். நான் கேலி செய்யவில்லை தலைவர் அவர்களே, உங்கள் விழா மலரின் முதல் பக்கத்தில் கழுதைக்குப் படம் போட்டிருக்கிறீர்கள். என் படம்தான் இல்லை.

நீரால் எழுந்தது இவ்வூர். நீராவியால் நிமிர்ந்தது இவ்வூர். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் அந்த நீரை ஆயிரம் காதம் கடந்து வந்து அருந்தினார்கள். மூட்டு வலி வந்தது, முதுகு வலி வந்தது, நெஞ்சுச் சளி வந்தது. வந்தவர்கள் தங்க விடுதிகள் எழுந்தன. வெளுக்க ஒரு தெரு, சமைக்க ஒரு தெரு, கால் பிடித்துவிட ஒரு தெரு. ஊர் நுழைவாயிலில் ஒரு வளைவு. அதில் என்ன எழுதியிருக்கிறது? வரும்போது எல்லோரும் படித்திருப்பீர்கள். "மரணம் வராத ஊர்."

மரணம் வராத ஊர் எங்கேயாவது உண்டா? இங்கே உண்டு. எப்படி உண்டானது? அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஊற்று பேர் பெறத் தொடங்கிய காலத்தில், விருந்தினர் ஒருவர் குளியல் தொட்டியிலேயே இறந்துபோனார். ஊரார் முறைப்படி அழுதார்கள், முறைப்படி தூக்கிப் போனார்கள். மறுநாள் விடுதிகள் காலி. அந்தக் குளிர்காலம் முழுக்க வீட்டுக்கு வீடு அடுப்பில் பூனை தூங்கியது. பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். பறந்துபோன பத்தில் ஒன்று அழுகை.

அதன் பிறகு இவ்வூரில் யாரும் இறக்கவில்லை. குணமாகி வீடு திரும்பினார்கள். அவ்வளவுதான். மூச்சு நின்றவரைக் குளிப்பாட்டி, கன்னத்தில் சிவப்புப் பூசி, தொப்பி வைத்து, சட்டைக்குள் இடுப்பைப் பட்டியால் இருக்கையோடு கட்டி, இதே வண்டியில், அதே சன்னலோரம் உட்கார வைப்பார்கள். விருந்தினர்கள் காலை உணவு முடித்து விடுதி மாடத்தில் நிற்கும் நேரத்தில் சதுக்கத்து மணி அடிக்கும். சமையல்காரர் கரண்டியோடு வருவார், துவைப்பவர் ஈரக் கையோடு வருவார். ஊரே கூடிக் கையசைக்கும். வண்டி ஆற்றுப்பாலம் கடந்து அக்கரை மேட்டுக்குப் போகும். அங்கே குழி தயாராக இருக்கும், குழி வெட்டியவர்களே இறக்கி மூடிவிடுவார்கள்.

விருந்தினருக்கு மட்டுமா இந்த ஏற்பாடு? உள்ளூர்க்காரர் இறந்தாலும் இதேதான். தாய் இறந்தால் பிள்ளை கையசைக்க வேண்டும். பிள்ளை இறந்தால் தாய் கையசைக்க வேண்டும். சிரித்துக்கொண்டு. மாடத்திலிருந்து பார்க்கிறார்கள் அல்லவா?

பெரியவர்களில் சிலர் தலை குனிகிறீர்கள். உங்களைக் குற்றம் சொல்ல வரவில்லை. நானும் அந்தச் சோற்றில் வளர்ந்தவள்தான்.

துண்டுச்சீட்டு வருகிறது. "சுருக்கமாகப் பேசவும்." நன்றி தலைவர் அவர்களே. துணியைச் சுருக்கச் சொன்னால் சுருக்குவேன், இதைச் சுருக்கினால் கிழிந்துவிடும்.

அந்த வண்டியை ஓட்டியவரைச் சாட்டைக்காரர் என்பார்கள். குதிரையை ஒருநாளும் அடித்ததில்லை, அதனாலேயே அந்தப் பெயர். ஒருமுறை விருந்தினர் ஒருவர் மாடத்திலிருந்து கேட்டாராம், "நாம இவ்வளவு பேர் கையாட்டுறோம், போறவங்க ஒருத்தர்கூடத் திருப்பி ஆட்ட மாட்டேங்கிறாங்களே, என்ன மனுஷங்க?" விடுதிக்காரர்கள் வெலவெலத்துப் போனார்கள். சாட்டைக்காரர்தான் வழி கண்டார். இறந்தவரின் மணிக்கட்டில் ஒரு நூல். அது வண்டிக் கூரையின் கொக்கி வழியாக அவர் இருக்கைக்கு வரும். குதிரையைக் கிளப்பும்போது அவர் நூலை இழுப்பார். சன்னலில் ஒரு கை மெல்ல உயரும், மெல்லத் தாழும். மாடம் மகிழும். அந்தக் கையைப் பார்த்து மனத்தைத் தேற்றிக்கொண்ட குடும்பங்களும் உண்டு. பொய் என்று தெரியும், ஆனாலும் அம்மா கையாட்டினாளே என்று ஓர் ஆறுதல்.

முன்வரிசையில் நீலச் சால்வை போர்த்தி ஒருவர் அமர்ந்திருக்கிறார். என் தாய். அவரும் அவருடைய அக்காவும், அதாவது என் பெரியம்மா, தாய் தகப்பன் இல்லாதவர்கள். இருவரும் குளியல் மாளிகையின் நீராவி அறையில் வேலை பார்த்தார்கள். ஒருநாள் மதியம் பெரியம்மா தொட்டிகளுக்கு நடுவே சரிந்து விழுந்தார். அன்றைய மருத்துவர் வந்தார். நாடி கிடைக்கவில்லை. மூக்கருகே கண்ணாடி பிடித்தார். கண்ணாடியில் ஆவி படிந்தது. அந்த அறையில் ஆவி எங்கேதான் படியாது? அங்கே சுவரும் வியர்க்கும். கண்ணாடியைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

என் அம்மா பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா உடம்பு சுடுது டாக்டர்" என்றார்.

"இங்க நாற்காலிகூடத்தான்மா சுடும். நீ போய் அவளுக்கு நல்ல துணியா எடுத்து வை. காலையில வண்டி."

இதுதான் இவ்வூரின் சாபம். மற்ற ஊர்களில் உயிருக்கு அடையாளம் சூடு, உயிருக்கு அடையாளம் மூச்சின் ஈரம். இங்கே எல்லாமே சூடு, எல்லாமே ஈரம். உயிர் எது, ஊற்று எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாமல் போன ஊர் நாம்.

மறுநாள் காலை மணி அடித்தது. அம்மா சதுக்கத்துப் படியில் நின்றார். சிரிக்க வேண்டும், சிரித்தார். வண்டி புறப்பட்டது. சன்னலில் பெரியம்மாவின் கை உயர்ந்தது. முதலில் விரல்கள். பிறகு மணிக்கட்டு. பிறகு உள்ளங்கை சன்னல் கண்ணாடியில் பதிந்து, அப்படியே கீழே வழுக்கியது. கூட்டம் பூரித்துப் போனது. "இன்னைக்குச் சாட்டைக்காரர் என்னமா இழுக்கிறாரு" என்று பக்கத்தில் யாரோ சொன்னார்களாம். என் அம்மாவும் மனம் நிறைந்து, பாலம் திரும்பும் வரை கையசைத்தார்.

அன்று மாலை நன்றி சொல்ல லாயத்துக்குப் போனார். சாட்டைக்காரர் கடிவாளத்துக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அக்காவைக் கையாட்ட வச்சீங்களே, எனக்கு அது போதும்ண்ணே."

அவர் தேய்ப்பதை நிறுத்தினார்.

"யாரு ஆட்ட வச்சது?"

"நீங்கதான். நூலை இழுத்தீங்கல்ல."

"நூல் போன தடவையே அந்து போச்சும்மா. புதுசு இன்னும் வாங்கல. இன்னைக்கு நான் எதையும் கட்டவே இல்லையே."

ஒலிபெருக்கிக்காரரே, சத்தத்தைக் கூட்ட வேண்டாம், இருக்கட்டும். கடைசி வரிசைக்கும் கேட்கிறது.

இருவரும் அதே வண்டியில் ஏறிப் பாலம் கடந்தார்கள். செய்தி எப்படியோ பரவி, பின்னாலேயே ஊரும் விளக்கெடுத்து ஓடிவந்தது. மேட்டில் குழி மூடியிருந்தது. அம்மா மண்ணில் விழுந்து காதை வைத்தார். கீழே தட்டும் சத்தம். தட்டல், ஓர் இடைவெளி, மறுபடி தட்டல். சாட்டைக்காரர் மண்வெட்டியை எடுத்தார். எடுத்த கையை நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். அம்மாவைத் தூக்கி நிறுத்தினார்கள்.

ஊர்ப் பெரியவர் ஒருவர் முன்னால் வந்தார். அவர் பெயரை நான் சொல்ல மாட்டேன். அவர் படம் என் முதுகுக்குப் பின்னால் தொங்குகிறது, அதனால்தான் வந்ததிலிருந்து திரும்பிப் பார்க்காமல் பேசிக்கொண்டிருக்கிறேன். அவர் கோபப்படவில்லை. பரிவாகத்தான் பேசினார்.

"அது ஊத்தும்மா. இந்த மண்ணுக்கடியில எங்க காது வச்சாலும் தட்டும். தோண்டிப் பாத்தா என்ன தெரியும்? ஒண்ணு, அவ செத்துட்டான்னு தெரியும். இல்ல, நாம கொன்னுட்டோம்னு தெரியும். நாளைக்கு எவன் இந்த ஊருக்கு வருவான்? இத்தனை வீட்டு உலையும் உன் கையில இருக்கு."

ஊரே அந்த மேட்டைச் சுற்றி நின்றது. எல்லோர் காதிலும் விழுந்தது. தட்டல், இடைவெளி, தட்டல். பிறகு இடைவெளி நீண்டது. இன்னும் நீண்டது. பிறகு தட்டல் வரவில்லை.

"ஊத்துதான். பாத்தீங்கல்ல, அடங்கிடுச்சு" என்றார் அந்தப் பெரியவர். விளக்குகள் வீடு திரும்பின.

நூற்றாண்டு காணும் பெருமக்களே, நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஊற்று இன்றும் ஓடுகிறது. இன்று காலையும் அதில் குளித்தீர்கள். அக்கரையில் அந்த மேட்டையொட்டித்தான் என் வீடு, நான் பிறந்ததே அங்கேதான். அம்மா அக்காவை விட்டு வர மறுத்து அங்கேயே குடியேறிவிட்டார். ஊற்றுதான் தட்டியது என்றால், இத்தனை காலத்தில் ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு தடவையாவது, அது மறுபடி தட்டியிருக்க வேண்டாமா?

சாட்டைக்காரர் மறுநாள் குதிரையை அவிழ்த்துவிட்டுப் போனவர் திரும்பவில்லை. வண்டி கொட்டகையில் கிடந்தது. நூற்றாண்டுக்காக நீங்கள் அதைத் தூசி தட்டி, தச்சரை வைத்து ஒரு பொம்மையும் செய்து, கையை உயர்த்தியும் வைத்துவிட்டீர்கள். வழியனுப்புவது நம் பண்பாடு என்று பலகையும் மாட்டிவிட்டீர்கள். தச்சரைக் குறை சொல்லாதீர்கள், அவர் வெளியூர்.

என் பேச்சு முடிந்ததும் தலைவர் ஒரு தீர்மானம் படிக்கப் போகிறார். அக்கரை மேடு வெற்று நிலம், அங்கே எவரும் இல்லை, எனவே புதிய விடுதிக்கான சாலையை அதன் மேல் போடலாம் என்பது தீர்மானம். ஆதரிப்பவர்கள் கையை உயர்த்த வேண்டும். சாலை வரட்டும், நான் சாலைக்கு எதிரி அல்ல. ஆற்றோரமாகக் கொஞ்சம் வளைந்து வரட்டும். வெற்று நிலம் என்று மட்டும் சொல்லாதீர்கள். என் தாய் அன்றிலிருந்து யாருக்கும் கையசைத்ததில்லை. பேருந்தை நிறுத்தக்கூடக் கை நீட்ட மாட்டார், ஓடிப்போய்த்தான் ஏறுவார். அவருக்கு இப்போது உடம்பு முடியவில்லை. சென்ற வாரம் என்னிடம் ஒன்று கேட்டார். "என்னை அக்கா பக்கத்துல போடு. எனக்கு யாரும் கையாட்டக் கூடாது. யாராவது அழணும்." அதைக் கேட்டுத்தான் இந்த மேடை ஏறினேன். என் அம்மாவுக்கு அக்காவின் பக்கத்தில் படுக்க ஆறடி நிலம் வேண்டும். அங்கே நம் ஆட்கள் இருக்கிறார்கள் என்று ஊர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

தலைவர் அவர்களே, தீர்மானத்தைப் படியுங்கள். நான் இங்கேயே ஓரமாக நிற்கிறேன்.

படித்துவிட்டார். கையை உயர்த்தச் சொல்லிவிட்டார்.

சுற்றிப் பாருங்கள் பெரியோர்களே, நானும் பார்க்கிறேன். முன்வரிசையில் ஒரு கையும் இல்லை. நடுவில் இல்லை. கடைசியில், கடிகாரம் பார்த்த இளைஞர்கள் கையை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். தலைவர் அவர்களே, உங்கள் கையும் மேசை மேல்தான் இருக்கிறது. இந்தத் திடலில் உயர்ந்திருப்பது ஒரே ஒரு கை, அது அந்த வண்டிச் சன்னலில் இருக்கிறது. அன்றும் அதே சன்னலில்தான் ஒரு கை உயர்ந்தது. அன்று நாம் பதிலுக்குக் கையசைத்தோம். இன்று யாரும் அசைக்கவில்லை.

அதற்காக உங்கள் ஒவ்வொருவருக்கும் என் நன்றி. முன்வரிசையில் என் தாய் அழத் தொடங்கியிருக்கிறார். விருந்தினர்கள் விடுதி மாடத்திலிருந்தும் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். யாரும் அவரைத் தடுக்க வேண்டாம் என்று கேட்டு அமர்கிறேன், வணக்கம்.