ஒப்பீட்டுக்கு எடுத்த தண்ணீர்

இந்தப் பேச்சு இதே வரிசையில்தான் நடந்ததா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. பரிசோதனை அறையில் எனக்கு அடுத்த மேஜை அவருடையது. எங்கே போனாலும் பையில் காலிக் குடுவையோடு போவதால் பாட்டில்காரர் என்று பெயர். முலாம் பூசும் எங்கள் ஆலை, தன்னால் மண்ணும் நீரும் கெடுகிறதா என்று வருஷத்துக்கு ஒருமுறை தானே சோதித்துக்கொள்ளும். அந்த அறிக்கையை எழுதுபவர் அவர். தானாக ஒப்புக்கொண்ட குறைக்குத் தண்டனை இல்லை. அறிக்கையும் வெளியே போகாது. ஏற்பாடு அப்படி. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவருடைய தங்கை கூப்பிட்டாள். அவர் பேசியது மட்டும் எனக்குக் கேட்டது.

"ஹலோ... ஆமா, நான்தான்... ஆபீஸ் நம்பருக்கு ஏம்மா அடிக்கிற?... சரி சரி, செல்லு டிராயர்ல கிடக்கு. சொல்லு.

"பதில் வந்துடுச்சா? அறிக்கை கேட்டு ஆலைக்கு நீ போட்ட மனுவுக்கா?... எத்தனை பக்கம்?... ஒரே பக்கமா. படி... ம்... ம்... 'அறிக்கையைத் தர இயலாது.' அதான் அப்பவே சொன்னேனே... அடுத்த வரி?... மறுபடி படி. மெதுவா."

கையிலிருந்த பேனாவை மூடினார். பிறகு திறந்தார்.

"'ஆலையைச் சுற்றியுள்ள நீருக்கும் இப்பகுதியின் இயற்கையான நீருக்கும் வேறுபாடு இல்லை.' ஆமா. அது நான் எழுதின வரிதான்... சந்தோஷமா? இரு, எதுக்குச் சந்தோஷம்?... தெருவுக்கே படிச்சுக் காட்டிட்டியா? எத்தனை வீடு?... பதினாலுமா?... அப்போ மூணு நாளா எல்லாரும் பயமில்லாமக் கிணத்துத் தண்ணியத்தான்... குடிக்கறது, சமைக்கறது எல்லாம்... ம்... நீயுமா?

"கோவமெல்லாம் இல்ல... ஆமா, கிணறு தூர் வாரணும், அதுவரைக்கும் குடிக்காதன்னு நான்தான் சொன்னேன். மூணு மாசமா கேன் தூக்கித் தூக்கி மாப்பிள்ளைக்கு முதுகு போச்சு, ஆமா... பாட்டில்காரனுக்குத் தண்ணியப் பாத்தாலே பயம்ங்கறாரா? சொல்லட்டும்... சிரிக்காதம்மா.

"குடிக்காதீங்க... குடிக்காதீங்கன்னு சொல்றேன்ல. தூருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல... சார்? ரெண்டு நிமிஷம் சார், வீட்லருந்து. ஃபைல அனுப்பிடறேன் சார்... இருக்கேன்மா. மேனேஜர். போயிட்டார்.

"ஒரு ஞாயித்துக்கிழமை உன் கிணத்துல ஒரு குடுவை மொண்டேனே, ஞாபகம் இருக்கா?... ஆமா, 'எங்க வீட்டையும் விட்டு வைக்க மாட்டியா'ன்னு கேட்ட. அது சும்மா எடுக்கல. ஆலைத் தண்ணி கெட்டிருக்கான்னு சொல்லணும்னா, பக்கத்துல ஆலை தொடாத தண்ணி ஒண்ணு வெச்சுப் பாக்கணும். நீ அரைக் கிலோமீட்டர் தள்ளி மேட்டுல இருக்க. அதவிடச் சுத்தமா எங்க கிடைக்கும்னு... ஆமா, சோம்பேறித்தனந்தான். எப்படியும் சாப்பிட வர்ற வீடு.

"இல்ல. சுத்தமா இல்ல. குரோமியம், முலாம் பூசற விஷம். லிட்டருக்கு ஐம்பது மைக்ரோகிராமத் தாண்டக் கூடாது. ஆலை வாசல்ல நூத்தித் தொண்ணூறு. உன் கிணத்துல இருநூத்திப் பத்து... ஹலோ?... ம்.

"அதான் 'வேறுபாடு இல்லை'. ரெண்டும் ஒண்ணுபோலக் கெட்டிருக்கு. பாறையிலயே இருக்குது, இயற்கைன்னு எழுதினோம்... தெரியும். அந்தப் பாறையில அது கிடையாது. கழிவுத் தொட்டியில விரிசல். மண்ணுக்குக் கீழ மேடு பள்ளம் இல்லம்மா, நீங்க மோட்டார் போட்டு இழுத்தா அந்தப் பக்கம் வரும்.

"எப்படித் தெரியும்னா... தொட்டியப் பாத்துக்கறவர் சொன்னார். 'வெளிய போகாதுன்னா சொல்றேன் சார்'னார். வாக்குக் குடுத்தேன். அதத்தான் நீ புரிஞ்சுக்கணும். எல்லாத்தையும் திறந்து வெச்சா அடுத்த வருஷம் எவன் வாயத் திறப்பான்? மூடி வெக்கறதாலதான் இந்த உண்மையே எனக்கு... என்ன?... திரும்பச் சொல்லு."

பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். குடுவைகள் வைக்கும் குளிர்பெட்டி ஒருமுறை நின்று மறுபடி ஓடியது.

"ஆமா. அறிக்கை உன் கைக்கு வந்திருந்தா, 'சுத்தமான நீர் எடுத்த இடம்'னு உன் வீட்டு முகவரி இருந்திருக்கும். பாத்த உடனே கேட்டிருப்ப. இங்க அதப் படிச்சவங்க யாரும் கேக்கல. அவங்களுக்கு அது வெறும் முகவரி... ஆமா, மூணு மாசமாத் தெரியும். உனக்கு மட்டும் சொன்னேன். அதுவும் பொய்யாச் சொன்னேன்... மத்த பதிமூணு வீட்டுக்குச் சொல்லல, ஆமா... எதிர்வீட்டுக் கைக்குழந்தை... தெரியும்மா. நான் தூக்கியிருக்கேன்.

"குடு... சொல்லுங்க மாப்பிள்ளை... இருநூத்திப் பத்து. ஆமா... அப்புறம் திட்டுங்க மாப்பிள்ளை, முதல்ல போய் எல்லா வீட்லயும் மோட்டார நிறுத்தச் சொல்லுங்க... இதையெல்லாம் எழுதிக் கையெழுத்து போடணுமா? போடறேன். இன்னைக்கே... வேலை போகும். போகட்டும்... தொட்டிக்காரர் பேரு மட்டும் கேக்காதீங்க.

"அவகிட்ட குடுங்க, ஒரு வார்த்தை... பேச மாட்டாளாமா?... சரி... சரி, இருக்கட்டும்... ஹலோ?... ஹலோ..."

அன்று மாலைக்குள் எல்லாவற்றையும் மாப்பிள்ளையிடம் எழுதிக் கொடுத்துவிட்டார். பத்தாம் நாள் வேலை போயிற்று. பெயர் எழுதாமலே தொட்டிக்காரரையும் கண்டுபிடித்து அனுப்பிவிட்டார்கள். பதினாலு வீட்டுக்கும் லாரியில் தண்ணீர் வருகிறது. எதிர்வீட்டுக்காரர்கள் குழந்தையோடு குடிபெயர்ந்தார்கள். தெருவார் சேர்ந்து போட்ட இரண்டாவது மனுவுக்கும் அதே ஒரு பக்கம்தான் வந்தது. மாப்பிள்ளை மாதம் ஒருமுறை அவரைப் போய்ப் பார்க்கிறார், தங்கை போவதில்லை. இந்த வருஷத்து அறிக்கையை நான் எழுதினேன். தொழிலாளிகள் யாரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை.