சம்பந்தி காய்ச்சிய கோதுமை பீர்

விஜயா: ஏன்னா, எதுக்கு இப்ப டவரா டம்ளரை எடுக்கறேள்?

சேஷாத்ரி: பீரை ஆத்தறதுக்கு. ஒரு முழம் தூக்கி ஆத்தினாத்தான் நுரை வரும்.

மதுவந்தி: அப்பா! இது டிகிரி காப்பி இல்ல. இதுக்குன்னே கரியாஹாட் கடைத்தெரு முழுக்க அலைஞ்சு நெட்டைக் கிளாஸ் வாங்கிண்டு வந்திருக்கேன்...

சேஷாத்ரி: உன் மாமனாராகப் போற ஜெர்மன்காரர் தன் கையால காய்ச்சினதாச்சே. நுரை வரலேன்னா...

மதுவந்தி: அது தானா வரும். கிளாஸைச் சாய்ச்சுப் பிடிச்சு மெதுவா விடணும். கடைசி ரெண்டு விரக்கடையை பாட்டிலோட சுழட்டி, அடிமண்டியையும் சேத்து ஊத்தணும்.

விஜயா: மண்டியையுமா? கர்மம்!

மதுவந்தி: அதுலதாம்மா ருசி. இருக்கறது ஒரே பாட்டில். ஜெர்மனிலேர்ந்து போன வாரமே குடுத்தனுப்பிச்சுட்டார். ரெண்டு அப்பாவும் இதைச் சேர்ந்து குடிச்சுட்டுத்தான் கல்யாணத் தேதி பேசணும்னு பிடிவாதம்.

சேஷாத்ரி: முப்பது வருஷம் கிடர்பூர் துறைமுகத்துல கப்பல் கப்பலா சரக்கு பாத்தவன் நான். ஒரு சொட்டு நாக்குல பட்டதில்லே.

விஜயா: ஆமாமா. மோந்து கூடப் பாக்க மாட்டார்.

சேஷாத்ரி: குடிச்சே ஆகணுமாடி? வாழைப்பழ வாசனை பிரமாதம்னு சொன்னாப் போறாதோ?

மதுவந்தி: வாழைப்பழ வாசனை வரும்னு உனக்கு யார் சொன்னா?

சேஷாத்ரி: ...லேபிள்ல போட்டிருந்தது.

மதுவந்தி: வீட்டுல காய்ச்சினதுப்பா. வெறும் கம்பி மூடி பாட்டில். லேபிளே கிடையாது.

விஜயா: விடேண்டி. கிராம்பு வாசனையும்தான் வரது... வருமாம். எங்கேயோ படிச்சேன்.

மதுவந்தி: நீயுமா? ...பெல் அடிக்கறது. வந்துட்டார்!

சேஷாத்ரி: வாங்கோ சம்பந்தி, வாங்கோ! உக்காருங்கோ... மதூ, நீயே ஊத்தும்மா. நான் ஊத்தினா ஆத்திடுவேன்.

மதுவந்தி: சாய்ச்சு... மெதுவா... ஐயோ, நுரையே வரலையே!

விஜயா: கல்கத்தா வெய்யில் அப்படி.

மதுவந்தி: ஃப்ரிட்ஜுக்குள்ளயாம்மா வெய்யில்?

சேஷாத்ரி: அதுக்குத்தான் ஆத்தலாம்னேன்! யார் கேட்டா?

மதுவந்தி: உஷ்... குடிக்கறார். கண்ணை மூடிண்டுட்டார்...

விஜயா: காளிகாட் அம்மா, என் பொண்ணு கல்யாணத்தைக் காப்பாத்தும்மா!

மதுவந்தி: இன்னொரு வாய் குடிக்கறார்... அப்பா, ஜெர்மன்ல சொல்றார், பிரமாதமாம்! முப்பது வருஷமா காய்ச்சறாராம், இந்த ருசி வந்ததே இல்லையாம். ஆனா...

சேஷாத்ரி: ஆனா என்ன? சொல்லித் தொலையேன்!

மதுவந்தி: அவர் போடாத ஜீரகம் இதுல எப்படி வந்ததுன்னு கேக்கறார். அந்த ரகசியத்தைச் சொன்னாத்தான் தேதி பேசுவாராம்.

சேஷாத்ரி: ஜீரகமா? பெருமாள் சத்தியமா நான் ரொப்பினது வெறும் பார்லித் தண்ணிதான்!

மதுவந்தி: அப்பா!

விஜயா: அவரைத் திட்டாதேடி. அவர் பாதி குடிச்சுட்டு ரொப்பி வெச்சதை அப்புறம் நான் குடிச்சுட்டு ரொப்பி வெச்சேன். ஜீரகத் தண்ணி என்னோடது... ரகசியத்தைச் சொல்லியாச்சு, தை மாசம் சௌகரியப்படுமான்னு கேளு.