பச்சை முத்திரைப் பத்திரம்

தோலில் எழுதிய பழைய பத்திரங்களுக்கு எலியைவிடப் பெரிய எதிரி, சுத்தம் பார்க்கிற வேலைக்காரிதான். ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்தால் போதும், அறுநூறு வருஷத்து மை வாளித் தண்ணீரோடு போய்விடும். அதனால் இந்த அறையை நாற்பது வருஷமாக நானே தூசி தட்டுகிறேன். லண்டனில் அமைச்சராக இருந்த காலத்திலும், ஊருக்கு வந்ததும் தொப்பியைக் கழற்றுவதற்கு முன்னால் இங்கேதான் வருவேன்.

நீங்கள் அட்டவணை எழுத வந்தவர். எனக்குப் பிறகு இதெல்லாம் தேசத்தின் அருங்காட்சியகத்துக்குப் போகிறது. நேற்று அந்தப் பச்சை முத்திரைப் பத்திரத்தைப் படிக்கும்போது உங்கள் விரல் ஒரு வரியில் நின்றுவிட்டது. கேட்கக் கூச்சப்படுகிறீர்கள். நானே சொல்கிறேன்.

நீங்கள் படித்தது சரிதான். கோர்ஸ்டன் மேட்டில் ஆடு மேய்க்கவும் முட்புதர் வெட்டி அடுப்பெரிக்கவும், அந்த ஊர்க்காரர்களுக்கும் அவர்கள் வாரிசுகளுக்கும் என் மூதாதை ஒருவர் என்றென்றைக்கும் எழுதிக் கொடுத்த உரிமை அது. ஊரின் ஒரே பிரதி.

அது கோர்ஸ்டன் தேவாலயத்துப் பெட்டியில் கிடந்தது. மூன்று பூட்டுப் போட்ட ஓக் மரப் பெட்டி. பாதிரியார் வில்மட்டிடம் ஒரு சாவி, ஊர் சார்பில் இரண்டு பேரிடம் இரண்டு சாவி. மூன்று பேரும் கூடினால்தான் திறக்கும். 1842 வசந்தத்தில், ஞானஸ்நானப் பதிவேடுகளைப் பூஞ்சை தின்கிறது, வந்து பாருங்கள் என்று பாதிரியார் எனக்கு எழுதினார். போனேன். ஊர்ச் சாவிக்காரர்களில் ஒருவன் ஆமோஸ் திரப். நாற்பது ஆடு வைத்திருந்தான், மேடுதான் அவன் பிழைப்பு. பெட்டியைத் திறந்ததும் அடியில் எலிப் புழுக்கையைப் பார்த்துச் சிரித்தான்.

"மூணு பூட்டுப் போட்டும் உள்ள போயிருக்கு பாருங்க. நாலாவது சாவி இதுங்ககிட்டதான் இருக்கு போல."

பத்திரத்தை நான் வெளியே எடுத்தபோது எழுத்தை முதலில் பார்க்கவில்லை. அடியில் தொங்கிய பச்சை மெழுகு முத்திரையைத்தான் பார்த்தேன். குதிரைமேல் வாளை ஓங்கியபடி என் மூதாதை. குதிரையின் நான்கு காலும் உடையாமல். அவருடைய முத்திரைகளில் எனக்குத் தெரிந்து ஐந்துதான் மிச்சம், ஐந்துமே துண்டுகள். இருபது வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தேன். அந்தத் தரையிலேயே மண்டியிட்டுவிட்டேன். இதில் எனக்கு வெட்கம் இல்லை.

ஆமோஸ் எட்டிப் பார்த்தான். "மேட்டைப் பத்தி ஒரு சீட்டு இருக்குன்னு எங்க தாத்தா சொல்லுவாரு. இது அதுவா பிரபு?"

பழைய லத்தீன் பிரார்த்தனை என்றேன்; அந்தக் காலத்து எழுத்து பாதிரியாருக்கும் படிக்கத் தெரியாது. உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சந்தோஷமாக மடித்து அதே ஈரப்பெட்டியில் வைத்து மூன்று பூட்டையும் போட்டிருப்பார்கள். பத்து வருஷத்தில் அது எலிக்குப் படுக்கையாகியிருக்கும். காய வைத்துத் தருகிறேன் என்று வாங்கி வந்தேன். பிரார்த்தனைச் சீட்டைத் திருப்பித் தா என்று யாரும் வரவில்லை.

அடுத்த வருஷம் மேட்டுக்கு வேலி போட்டேன். வேட்டையில் சுடுவதற்குப் பறவைகள் வளர்க்க இடம் வேண்டியிருந்தது. நிலத்துக்காகச் செய்தேன் என்று நீங்கள் நினைக்கலாம். அந்த மேட்டில் முள்ளும் முயலும் தவிர எதுவும் கிடையாது. ஆமோஸின் ஆடுகள் அந்தக் குளிர்காலத்தில் பாதி செத்தன. மார்ச் மாதம் அவன் பட்டப்பகலில் வேலிக் கம்புகளைப் பிடுங்கி, குவித்து, எரித்தான். காவலர்கள் வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

மாவட்ட நீதிமன்றத்தில் நானும் ஒரு நீதிபதி. அன்று என் நாற்காலியை விட்டு எழுந்து பார்வையாளர் வரிசைக்குப் போனேன். முறை தெரிந்தவன் நான். என் இடத்தில் சர் கைல்ஸ் பெவரில் உட்கார்ந்து, மேடு உங்களுடையது என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். ஆமோஸ் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"பொட்டியத் தொறந்தப்போ பிரபுவும் இருந்தாருங்க. அவருகிட்டயே கேளுங்க. அவரு என்ன சொன்னாலும் ஒத்துக்கிறேன். பொய் சொல்லிப் பொழைக்கணும்னு அவருக்கு என்ன தலையெழுத்து?"

கூட்டம் சிரித்தது. சர் கைல்ஸ் சங்கடப்பட்டுக்கொண்டே கேட்டார். நான் எழுந்து நின்றேன்.

இப்போது நீங்கள் நியாயமாக யோசிக்க வேண்டும். நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் காகிதத்தை என்ன செய்வார்கள் தெரியுமா? குமாஸ்தா நடுவில் ஊசியால் குத்துவான். கயிற்றில் கோப்பான். மற்ற காகிதங்களோடு சேர்த்து இறுக்கிக் கட்டி அலமாரியில் எறிவான். அந்த மெழுகு ஒரு வாரம் தாங்காது. பழைய ஆவணங்களைக் காக்க வேண்டும் என்று பிரபுக்கள் சபையில் இரண்டு மணி நேரம் பேசியவன் நான். அதைக் கொண்டுபோய் குமாஸ்தாவின் ஊசிக்குக் கொடுப்பேனா?

மேட்டைப் பற்றி அந்தப் பெட்டியில் எதுவும் இல்லை என்று என் மானத்தின்மேல் ஆணையிட்டுச் சொன்னேன். அதற்குமேல் விசாரணை நடக்கவில்லை. ஏழு வருஷம் நாடு கடத்தல். ஆமோஸ் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினான், சொன்னபடியே ஒத்துக்கொண்டான். கைதிகளை அனுப்புகிற வான் டைமன் தீவுக்குப் போன கப்பலில் காய்ச்சல் வந்து பாதி வழியில் இறந்தான். கடலில் இறக்கிவிட்டார்கள். ஆடுகள் இன்னும் நாற்பது பிறக்கும், ஆமோஸ்களும் பிறப்பார்கள். அந்தக் குதிரை மறுபடி பிறக்காது. இன்று கேட்டாலும் அப்படியே செய்வேன்.

அவன் மனைவி ஹெஸ்டர் ஒருநாள் வந்தாள். கப்பல் புறப்பட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது, செய்தி எதுவும் வரவில்லை. சண்டை போட வரவில்லை. இதோ, நீங்கள் நிற்கிற இடத்தில்தான் நின்றாள்.

"பொட்டியில ஒரு ஜெபம் இருந்துச்சுன்னு அவரு சொன்னாரு எசமான். கடல்ல போற மனுசன். உங்களுக்குத்தான் அந்தப் பாஷை தெரியும். ஒரு தடவ படிச்சுச் சொன்னீங்கன்னா அவருக்குத் துணையா இருக்கும்."

மறுத்திருக்கலாம், மறுக்கவில்லை. எடுத்து, முதல் எழுத்திலிருந்து சாட்சிகளின் பெயர் வரை நிதானமாக லத்தீனில் வாசித்தேன். ஒரு வார்த்தைகூட விடவில்லை. 'அவர்களுக்கும் அவர்கள் வாரிசுகளுக்கும் என்றென்றைக்கும்' என்ற இடத்தில் என் குரல் நன்றாகவே வந்தது. அவள் தலையைக் குனிந்து, கைகளைக் கோத்து, கடைசிவரை நின்று கேட்டாள். முடித்ததும் ஆமென் என்றாள். பத்திரமாக வைத்திருக்கிறீர்கள் எசமான் என்று நன்றியும் சொன்னாள்.

ஆகவே அட்டவணையில் 'மறைக்கப்பட்டது' என்று எழுதாதீர்கள். உரியவர்களுக்கு முழுமையாக வாசித்துக் காட்டப்பட்டது என்று எழுதுங்கள்.