சாந்தம்மா டீச்சர் பூட்டாத கதவு

அறக்கட்டளைத் தலைவர் பெரியவர் மாதவன் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் நிர்வாகக் குழுவினரே! உங்களுக்கு வணக்கம். முதல் ஷிப்ட் முடிந்து, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல், மத்தியானச் சோறும் தின்னாமல் இங்கே தார்ப்பாயில் வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, அண்ணன் தம்பிகளே! உங்களுக்கு அதைவிடப் பெரிய வணக்கம்.

மைக் செட் சக்தி, பள்ளிக்கூடப் பக்கம் பார்த்திருக்கிற அந்தக் குழாய் ஸ்பீக்கரைக் கொஞ்சம் மார்க்கெட் பக்கம் திருப்பிவிடு. சத்தம் அந்தத் தெருவுக்குப் போக வேண்டாம். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

என் பெயர் சுடலைமுத்து. திருநெல்வேலிப் பக்கம். இந்த மத்திகிரியில் நம் மழலையர் பள்ளியின் சமையல்காரன். அதற்கு முன்னால் ஒரு கம்பெனியில் ஃபிட்டர், தொழிற்சங்கத்தில் பேச்சாளன். கேட் மீட்டிங்கில் கத்திக் கத்திப் பழகிய தொண்டை இது. இரங்கல் கூட்டத்தில் அடக்கமாகப் பேச வேண்டுமாம். எனக்கு அது வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நம் சாந்தம்மா டீச்சர் போய்விட்டார். இரண்டாம் ஷிப்ட் பிள்ளைகளுக்குப் பருப்புச் சோறு பிசைந்துகொண்டிருந்தார். 'மாரு அடைக்குது' என்று ஒரு வார்த்தைதான் சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. கையில் சோறு ஒட்டியிருந்தது, தோழர்களே. நான்தான் துடைத்துவிட்டேன்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் அவரைத் தியாகச் சுடர் என்றார்கள், சேவைச் செம்மல் என்றார்கள். டீச்சர் கேட்டிருந்தால், 'என்னாத்துக்கு சாமி இவ்ளோ பேச்சு? மணியாவுது, கஞ்சி வெச்சியா?' என்றிருப்பார். தலைவர் ஒரு அறிவிப்பும் செய்தார். டீச்சருக்கு மரியாதையாகப் பள்ளியை மூடிவைத்திருக்கிறார்களாம். அந்த இடத்தில் அவர் பெயரில் நினைவு மண்டபம் வருமாம். மேடையில் கை தட்டினீர்கள். கீழே ஒரு கை தட்டவில்லையே, கவனித்தீர்களா ஐயா?

நினைவு மண்டபம்! அந்தப் பள்ளி எப்படி ஆரம்பித்தது என்று தெரிந்தவன் அந்த வார்த்தையைச் சொல்வானா? தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன்.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், மாட்டுப் பண்ணைக்குப் போகிற வழியில் வரிசை வீடு ஒன்றில் குடியிருந்தோம். எனக்கும் என் மனைவிக்கும் வேறு வேறு கம்பெனி, ஒரே ஷிப்ட். மகள் முத்துமணிக்கு மூன்று வயது. ஊரில் இருந்து யாரும் வர முடியாது. என்ன செய்தோம்? ஒரு தட்டில் சோறு, ஒரு சொம்பில் தண்ணீர் வைத்துவிட்டு, வெளியே பூட்டிவிட்டு வேலைக்குப் போனோம். கேட்டில் நின்று உரிமை, உரிமை என்று கத்தினேன். அப்போது என் பிள்ளை இருட்டு அறையில் பூட்டிக் கிடந்தது! அதுதான் முதல் பூட்டு. அதைப் போட்டவன் நான்.

அதே வரிசையில் குடியிருந்தவர் சாந்தம்மா. கம்பெனிகளில் தரை துடைக்கும் வேலை. முத்துமணி சொம்பைக் கவிழ்த்துவிட்டு ஜன்னலில் கை நீட்டி அழுதிருக்கிறாள். கம்பி வழியாகவே தண்ணீர் கொடுத்து, கம்பி வழியாகவே சோறு ஊட்டியிருக்கிறார். சாயங்காலம் நான் வந்ததும், பிள்ளையை ஏன் பூட்டினாய் என்று வாசலில் நின்று கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏம் பிள்ளைய நான் பூட்டுதேன், ஒங்களுக்கு என்னவாம்?" என்றேன்.

"புள்ளயும் உன்துதான் சாமி, சாவியும் உன்துதான்," என்றார். "தாகம் எடுத்தா அது சாவியவா குடிக்கும்?"

மறுநாள் நானே முத்துமணியைத் தூக்கிக்கொண்டு போய் அவர் அறையில் விட்டேன். அந்த மாதமே ஏழு பிள்ளைகள். அவர் வேலையை விட்டார். ஒரு வருடம் கழித்து என் கம்பெனி என்னை வெளியே தள்ளியது, நான் கரண்டியைப் பிடித்தேன். அதற்குப் பிறகுதான் அறக்கட்டளை வந்தது, கட்டடம் வந்தது, பெயர்ப் பலகை வந்தது. எது முதலில் வந்தது, எது பிறகு வந்தது என்கிற அந்த வரிசை மாற வேண்டாம், தலைவர் அவர்களே!

ஆறு மணி ஷிப்ட்டுக்கு ஐந்தேகாலுக்கே பஸ் வந்துவிடும். அதற்கு முன்னால் டீச்சர் தெருமுனையில் நிற்பார். தாயின் தோளில் இருந்து தன் தோளுக்குப் பிள்ளையை வாங்குவார். பிள்ளையின் தூக்கம் கலையாது, தாயின் பஸ்ஸும் தவறாது. நீங்கள் யாராவது அப்படி ஒரு நாள் வாங்கிப் பாருங்கள். முதல் நாள் நான் வாங்கியபோது தெருவே எழுந்துவிட்டது.

தமிழ்ப் பிள்ளையிடம் "துன்னியா?" என்பார், கன்னடப் பிள்ளையிடம் "ஊட்டா ஆய்த்தா?" என்பார், தெலுங்குப் பிள்ளையிடம் "தின்னாவா?" என்பார். யார் வீட்டுப் பிள்ளை, எந்தச் சாதி என்று எந்த மொழியிலும் கேட்டதில்லை.

ஒருமுறை ஒரு கம்பெனிக்காரர்கள் பை, கேக் எல்லாம் கொண்டு வந்தார்கள். மத்தியானம் மூன்று மணி. போட்டோவுக்காகப் பிள்ளைகளை எழுப்பி வரிசையில் நிறுத்தச் சொன்னார்கள். டீச்சர் வாசலில் குறுக்கே உட்கார்ந்துவிட்டார். "தூங்கற புள்ளய எழுப்பி போட்டோ புடிக்கோணும்னா, மொதல்ல உங்க ஊட்டுக்குப் போயி உங்க புள்ளய எழுப்புங்க." கோட்டு போட்ட நாலு பேரும் நாலு மணி வரை வேப்ப மரத்தடியில் நின்றார்கள். கேக் உருகிவிட்டது.

இப்போது இரண்டாவது பூட்டுக்கு வருகிறேன். இதுவும் நான் போட்டதுதான். புதன்கிழமை இறுதி ஊர்வலம். துக்கம் அல்லவா, மரியாதை அல்லவா என்று விடியும் முன்னே பள்ளிக்குப் பூட்டுப் போட்டுவிட்டு அவர் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தேன். கட்டடம் வந்த நாளில் இருந்து அந்தக் கதவு பகலில் பூட்டியதே இல்லை. டீச்சரின் சொந்த அண்ணன் செத்த அன்றுகூடத் திறந்திருந்தது. என் புத்தி எங்கே போனது?

சிங்காரப்பேட்டையில் இருந்து வந்த கவிப்ரியா, அதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறாள். ஒப்பந்த வேலை. ஐந்தேகாலுக்கு மகள் ஹரிணியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். பூட்டைப் பார்த்திருக்கிறாள். பஸ் ஹாரன் அடித்திருக்கிறது. அப்புறம் என்ன நடந்திருக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

ஊர்வலம் பாதி வழி போயிருந்தது. கவிப்ரியாவின் பக்கத்து வீட்டுக்காரம்மா ஓடிவந்து, "அண்ணா, ஹரிணி பூட்டுன ஊட்டுக்குள்ள அழுவுறா, அவ அம்மா போன் எடுக்கல" என்றார். மாலையைக் கீழே வைத்துவிட்டு ஓடினேன். கல்லை எடுத்து அந்த வீட்டுப் பூட்டை உடைத்தேன். அழுது அழுது குரல் போன பிள்ளை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர் எங்க மாமா?" என்று கேட்டது. பத்தொன்பது வருடம் கூட இருந்தவன், டீச்சர் குழியில் ஒரு பிடி மண் போடவில்லை. அதற்காக நான் வருத்தப்படவில்லை! 'மண்ணு போட ஆயிரம் பேரு இருக்காங்க, நீ போயி பூட்ட ஒடை' என்றுதான் அவர் சொல்லியிருப்பார்.

சாயங்காலம் கவிப்ரியா என் காலில் விழப் பார்த்தாள். "நான் இன்னாண்ணா பண்றது? லீவு போட்டா நாளைக்கி கம்பெனி கேட்டுக்குள்ள உட மாட்டாங்க." அந்தப் பெண்ணைக் குறை சொல்ல நினைக்கும் வாய் எதுவானாலும் முதலில் என்னைச் சொல்லட்டும். அவள் வேலைக்குப் போனாள். பூட்டியது நான்.

வியாழக்கிழமை பள்ளியைத் திறந்தேன். மூன்றாவது பூட்டு சனிக்கிழமை வந்தது. பளபளவென்று பெரிய பூட்டு, மேலே ஒரு நோட்டீஸ், 'மறு அறிவிப்பு வரும்வரை' என்று. இதைப் போட்டவர்கள் மேடையில் இருக்கிறார்கள். ஐயா, நீங்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அரிசி கொடுத்தீர்கள், கூரை போட்டீர்கள், நன்றி மறக்கவில்லை. ஆனால் டீச்சர் இல்லாமல் யார் நடத்துவது என்று கேட்டீர்களே, அதற்குப் பதில் இருக்கிறது. ஜன்னல் கம்பி வழியாகச் சோறு தின்ற முத்துமணி, மழலையர் ஆசிரியர் பயிற்சி முடித்து, இரண்டு வருடமாக அங்கேதான் பாடம் சொல்கிறாள். உங்களுக்கு அவள் பெயர்கூடத் தெரியாது!

நாற்பத்தோரு பிள்ளைகள். நாற்பத்தோரு வீட்டில் நாளைக்குப் பூட்டுத் தொங்கவா நினைவு மண்டபம்? அதில் யார் உட்கார்ந்து யாரை நினைப்பது?

கடைசியில் சொல்கிறேன் என்றேன் அல்லவா, சொல்லிவிடுகிறேன். நான் உங்கள் பூட்டைத் தொடவில்லை ஐயா. சத்தியமாகத் தொடவில்லை. ஆனால் நான் ஃபிட்டர். இன்று காலை நாலரை மணிக்குக் கீலையும் கொண்டியையும் கழற்றினேன், கதவு கையோடு வந்துவிட்டது. இப்போது வாசலில் பிள்ளைகள் வெளியே ஓடாமல் இடுப்பளவு பலகைத் தடுப்பு இருக்கிறது. ராத்திரி அங்கே நான் படுத்துக்கொள்வேன். உள்ளே, இந்த நிமிடம், பதினெட்டுப் பிள்ளைகள் தூங்குகிறார்கள். முத்துமணி பக்கத்தில் இருக்கிறாள். சக்தி, குழாயைத் திருப்பியதற்கு நன்றியப்பா.

கதவைத் திருடிவிட்டோம் என்று யாரும் போலீசுக்குப் போக வேண்டாம். டீச்சர் படத்தை வைத்து மாலை போட்டிருக்கிறீர்களே, அந்த மேசையின் வெள்ளைத் துணியைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்கள். தூக்குங்கள் ஐயா! அது மேசை இல்லை. இரண்டு டிரம்மின் மேல் படுக்க வைத்த கதவு. உங்கள் பூட்டும் அதிலேயே பத்திரமாக இருக்கிறது.

கதவு வேண்டுமா? இனிப் பகலில் பூட்ட மாட்டோம் என்று இந்தத் தாய்மார்கள் முன்னால் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். இன்றைக்கே மாட்டித் தருகிறேன். முடியாது என்றால், இன்னொரு கதவு கொண்டு வாருங்கள். அதையும் கழற்றுவேன்.

மணி மூன்றே முக்கால். பிள்ளைகள் எழுந்துவிடும், பால் காய்ச்ச வேண்டும், நான் கிளம்புகிறேன். தாய்மார்களே, நாளைக்குக் காலை ஐந்தேகாலுக்கு முன்னால் தெருமுனையில் நான் நிற்பேன். தோளில் வாங்க இப்போது எனக்கும் தெரியும். பிள்ளையை எழுப்பாமல் தூக்கி வாருங்கள்.