வெள்ளேரிமேட்டுக் கிணறுகளுக்குச் சாட்சி நின்றவர்

முப்பத்து நான்கு ஆண்டுகள் நீரை ஆய்ந்து, நேர்மையை அணிந்து, இன்று பணிநிறைவு பெறும் எங்கள் முதுநிலை வேதியியலாளரே! இராயபுரம் ஈன்ற நன்மகளே! திருமதி ஐரீன் அருள்நாதன் அம்மையீர் அவர்களே! வணங்குகிறோம்.

மாலையும் மலர்ச்செண்டும் மேசைமேல் காத்திருக்க, மனம் மட்டும் கனத்துக் கிடக்கிறது. தங்களைப் பாராட்டும் தகுதி எங்களுக்கு உண்டா என்ற ஐயத்தோடுதான் இம்மடலை வாசிக்கிறோம்.

துறைமுகத் தொழிலாளியின் மகளாய்ப் பிறந்து, திருவொற்றியூரில் உள்ள இந்த நீர் ஆய்வகத்தில் இளநிலை உதவியாளராய் நுழைந்தவர் தாங்கள். தராசு அறையில் பிஸ்கட் தின்ற மேலதிகாரியையே வெளியே அனுப்பிய கண்டிப்பும், மதியத்தில் கருவாட்டுக் குழம்பை எல்லோருக்கும் பகிர்ந்த கனிவும் ஒருங்கே கொண்ட பண்பாளரே! அவற்றை மட்டும் சொல்லி முடித்தால் இம்மடல் இனிதாக இருக்கும். உண்மையாக இராது.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு காலை. மணலி புதுநகருக்கு வடக்கே, அனல்மின் நிலையம் ஒன்றின் நிலக்கரிச் சாம்பல் குட்டையை ஒட்டிய வெள்ளேரிமேட்டில் ஒன்றரை ஏக்கர் நெல் விளைவித்த சொக்கம்மாள், பாட்டிலில் கிணற்று நீரோடு நம் வாசலில் வந்து நின்றார்.

"இத்த கொஞ்சம் பாரும்மா. மாடு மோந்துட்டு மூஞ்ச திருப்பிக்கினு போவுது. நாங்க இத்தத்தான் குடிச்சிகினு கீறோம்."

மனு இல்லை, முத்திரை இல்லை என்று நாங்கள் அவரைத் திருப்பி அனுப்ப முயன்றோம். தாங்களோ எழுந்து வந்து பாட்டிலை வாங்கினீர்கள். "குட்த்துட்டுப் போக்கா. நான் பாக்குறேன்."

அந்த நீரில் ஈயமும் ஆர்செனிக்கும் இருந்தன, குடிப்பவர் உடலைக் குலைக்கும் அளவில். மறுவாரமே ஓட்டுநர் ஜெயவேலோடு நேரில் சென்றீர்கள். சாம்பல் குழம்பைக் கொண்டு செல்லும் குழாய் வெடித்து, வாய்க்கால் வழியே வயல் முழுதும் சாம்பல் படிந்திருப்பதைக் கண்டீர்கள். அன்று தொடங்கி, வெயிலென்றும் வெள்ளமென்றும் பாராமல், இரண்டு ஆண்டுகள் மாதந்தோறும் பதினான்கு கிணறுகளில் நீர் எடுத்தீர்கள்.

அறிக்கை ஆயத்தமான நாளில் அன்றைய மேலதிகாரி அழைத்தார். கெடாத இரண்டு கிணறுகளின் முடிவை மட்டும் அனுப்பினால் போதும் என்றார். தங்கள் மறுமொழி அடுத்த அறை வரை கேட்டது.

"பதினாலு கெணறு பாத்தேன் சார். பதினாலும்தான் போவும்."

பதினான்கும் போயிற்று. பத்தாம் நாள் தாங்கள் பழைய கோப்புகள் கிடக்கும் அறைக்கு மாற்றப்பட்டீர்கள். மூன்று ஆண்டுகள், அம்மையீர்! சோதனைக் குழாய் பிடித்த கையில் தூசு துடைக்கும் துணி. அப்போது நாங்கள் என்ன செய்தோம்? ஏன் என்று ஒரு சொல் கேட்கவில்லை. மதிய உணவுக்குத் தங்கள் பக்கத்தில் அமர்வதையும் நிறுத்திக்கொண்டோம். ஜெயவேல் ஒருவர் மட்டும் தினமும் தேநீரோடு அந்த அறைக்குள் வந்தார். இச்சபையில் இதைச் சொல்லாமல் தங்களுக்குப் பொன்னாடை போர்த்த எங்கள் கைகள் எழவில்லை.

பின்னர் ஊரார் மின் நிலையத்தின்மீது வழக்குத் தொடுத்தனர். சாட்சிக் கூண்டில் இரண்டு மணி நேரம் நின்று, எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் ஏளனத்தையும் எரிச்சலையும் எதிர்கொண்டு, கேள்விக்குக் கேள்வி குறிப்பேட்டைப் புரட்டி விடை தந்தீர்கள். தீர்ப்பு வந்தது. குழாய் மாற்றப்பட்டது, கெட்ட கிணறுகள் மூடப்பட்டன, ஊருக்குக் குடிநீர் இணைப்பு கிடைத்தது. கிழக்கே கரை எழுப்பியதால் முப்பது ஏக்கர் தப்பியது. தாங்களும் ஆய்வகத்துக்குத் திரும்பினீர்கள்.

ஆனால் சொக்கம்மாளின் நிலம் மேற்கே இருந்தது. முழங்கால் ஆழத்துக்குச் சாம்பல் இறுகிய அந்த மண்ணில் பிறகு ஏர் இறங்கவே இல்லை. தீர்ப்பின் நகலோடு அவர் இங்கு வந்த நாளை எங்களில் யாரும் மறக்கவில்லை.

"பேப்பர்ல ஜெயிச்சிட்டோம்மா. கயனில ஒண்ணியும் மொளைக்கல."

தாங்கள் அவர் கையைப் பற்றியபடி அருகில் அமர்ந்தீர்கள். சொந்த நெல்லைச் சோறாக்கி உண்டவர் அதன்பின் கண்டெய்னர் கிடங்கில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குப் போனார். சென்ற ஆண்டு சிறுநீரகம் பழுதாகி மறைந்தார். அந்த நீர்தான் காரணமா என்று எவரும் சோதித்துப் பார்க்கவில்லை. துக்க வீட்டில் செய்தியாளர்கள் துருவித் துருவிக் கேட்டபோதும், "எனக்குத் தெரியாதுங்க, நான் தண்ணியத்தான் பாத்தேன்" என்று மட்டும் சொல்லி, வெளியே வந்து ஜெயவேலின் வண்டியில் அமர்ந்து அழுதீர்கள். தங்களுக்கு வேண்டியவருக்காகவும் சான்றில்லாத ஒரு சொல்லைச் சொல்லாத சத்தியமே! தங்களைப் போல் ஒருவரை நாங்கள் வேறெங்கும் கண்டதில்லை.

இனித் தாங்கள் கணவரோடும் மகள் மாயாவோடும் நோயற்று, நெடுங்காலம் நலமாக வாழ வேண்டும். காலையில் மணி பார்க்காமல் எழ வேண்டும். கோப்பறைத் தூசால் வந்த அந்த இருமல் தங்களை விட்டு நீங்க வேண்டும்.

நல்ல செய்தியோடு விடைகொடுக்கவே விரும்பினோம். இயலவில்லை. கரை கட்டிக் காத்த கிழக்குப் பகுதியிலும் சென்ற மாதம் இரண்டு கிணறுகளின் நீர் கெட்டிருப்பதாக முடிவு வந்திருக்கிறது. அந்த அறிக்கை இன்னும் போகவில்லை. திங்கட்கிழமை அதில் ஒப்பமிட வேண்டியவர்கள் நாங்கள். அம்மையீர், எங்களுக்கு அச்சமாக இருக்கிறது.

கண்ணீரோடும் வணக்கத்தோடும்,
சங்கமித்ரா, பிராங்கிளின், ரஹீமுன்னிசா, ஜெயவேல்
மற்றும் நீர் ஆய்வகப் பணியாளர்கள்,
திருவொற்றியூர்.