மொன்சால்வேயும் மகனும்

சீசாவின் லேபிளில் என் பெயரையும் போடுங்கள் என்று கேட்டேன். அவ்வளவுதான். கேட்டபோது நாங்கள் நான்கு பேரும் ரொட்டியில் பூண்டு தேய்த்துக்கொண்டிருந்தோம். வெளியே நல்ல வெயில். யாருக்கும் யார்மீதும் கோபம் இல்லை.

அம்மா என்னை முன்பே எச்சரித்திருந்தாள். வலென்சியாவுக்குப் படிக்கப் போக நான் பெட்டி கட்டிய அன்றே சொன்னாள். "அப்பாகிட்ட எது வேணாலும் கேளு. காரைக் கேளு, செலவுக்குக் கேளு. லேபிள மட்டும் கேக்காத." எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஐந்து வருடம் ஒயின் செய்யும் விஞ்ஞானத்தைப் படித்துவிட்டு வந்து, அதற்கப்புறமும் மூன்று அறுவடைக்குக் கேட்காமல் இருந்தேன். நான்காவது அறுவடைக்கு முந்தைய வாரம் கேட்டேன்.

லேபிளிலும் வாசல் பலகையிலும் 'மொன்சால்வேயும் மகனும்' என்று இருக்கும். யாருடைய முதற்பெயரும் கிடையாது. அப்பன் சாவான், மகன் அப்பனாவான், அவனுக்கொரு மகன் பிறப்பான். நான்கு தலைமுறையாக அந்தப் பலகையை யாரும் திருத்தி எழுத வேண்டியிருக்கவில்லை.

அப்பா கோபப்படவில்லை, சிரித்தார். "உன் பிள்ளைக்கு எவனோ ஒருத்தன் பேருதான் முன்னால வரப்போகுது. அவன் பேரையும் சேத்து எழுதணும்னா சீசா பத்தாது தாயி, பீப்பாதான் வேணும்."

என் தம்பி ஹினேஸும் சிரித்தான். சிரித்துவிட்டு, மேசைக்கு அடியில் என் காலை லேசாக உதைத்தான். விடு அக்கா என்று அதற்கு அர்த்தம். அவன் கெட்டவன் இல்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம், சார்ஜென்ட். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள், அது உண்மையும்கூட.

எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொன்னால்தான் மற்றது புரியும். நீங்கள் வடக்கிலிருந்து மாற்றலாகி வந்தவர். இந்த மேட்டில் இன்னும் சில வீடுகளில் பழைய வழக்கம் உண்டு. தொட்டியில் சாறு நொதித்துப் பொங்கும் நாட்களில் பொம்பளை நிலவறைக்குள் காலை வைக்கக்கூடாது, வைத்தால் ஒயின் காடியாகிவிடும் என்பார்கள். மற்ற வீடுகளில் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அப்பா சிரிக்காமல் சொல்வார். வீட்டிலேயே பட்டம் வாங்கியவள் நான் ஒருத்திதான். ஒயின் பிறக்கும் மூன்று வாரமும் நான் நிலவறை வாசற்கல்லில் நிற்பேன். தம்பி உள்ளேயிருந்து குவளையில் சாறு கொண்டுவந்து நீட்டுவான். அதை அடுப்படிக்குக் கொண்டுபோய் இனிப்பை அளப்பேன், நுகர்வேன், துப்புவேன், என்ன செய்ய வேண்டும் என்று சொல்வேன். மதியச் சாப்பாட்டில் அப்பா அதையே தன் யோசனையாகத் திருப்பிச் சொல்வார். தம்பி தலையாட்டுவான். எனக்கும் சேர்த்துத்தான் ஆட்டுகிறான் என்று நினைத்துக்கொள்வேன்.

எங்கள் கொடிகள் எல்லாம் பொபால் என்கிற திராட்சை ரகம். இந்த மண்ணுக்கே உரியது, வேறெங்கும் போகாதது. கம்பியும் பந்தலும் இல்லாமல் முழங்கால் உயரத்தில் முறுக்கிக்கொண்டு நிற்கும். நூறு வயதைத் தாண்டியவை. தோல் தடித்த திராட்சை. தோலோடு அதிக நாள் ஊறவிட்டால் நாக்கை அறுக்கும் ஒயின்தான் வரும். அப்பாவின் ஒயினைக் கப்பலில் ஏற்றி, வெளிறிப்போன ஒயின்களுக்குச் சாயம் ஏற்ற விற்றார்கள். அதில் அவருக்கு வெட்கம் இருந்ததில்லை.

லேபிள் கேட்ட அந்த வருடம் நான் ஒன்று சொன்னேன். இனிப்பு முழுக்க அடங்கும்வரை காத்திருக்க வேண்டாம், நான்கு நாள் முன்னாலேயே ஒயினைச் சக்கையிலிருந்து பிரித்துவிடலாம், மிச்ச இனிப்பு தனியாக வேறு தொட்டியில் அடங்கட்டும், கசப்பு இறங்காது என்றேன். அப்பா குவளையை நுகர்ந்தார், வாயில் ஊற்றிக்கொண்டார், துப்பினார். அப்புறம், "நான் நெனச்சதும் அதான்" என்றார்.

ஒயினை வடித்ததும் தொட்டிக்குள் சக்கை மட்டும் கிடக்கும். எங்கள் தொட்டி தரைக்கு அடியில் இறக்கிய சிமென்ட் கிடங்கு. ஓர் ஆள் நுழையும் அளவுக்கு வாய். ஏணியில் இறங்கி, வாரிப் போட்டு, வாளி வாளியாக மேலே அனுப்ப வேண்டும். பொங்கும்போது வரும் காற்று மூச்சுக் காற்றைவிடக் கனம், அடியில் தேங்கி நின்று ஆளைக் கொல்லும். அதற்கு எங்கள் ஆட்கள் வைத்திருக்கும் பாதுகாப்பு மூன்று. முதலில் மெழுகுவத்தியைக் கயிற்றில் கட்டி அடிவரை இறக்குவார்கள், அணையாவிட்டால் இறங்கலாம். இறங்குபவன் இடுப்பில் கயிறு கட்ட வேண்டும், மறுமுனை மேலே நிற்பவன் கையில் இருக்க வேண்டும். கீழே இருப்பவன் வாயை மூடவே கூடாது. பாட வேண்டும், பேச வேண்டும், ஒன்றும் இல்லாவிட்டால் ஜெபமாவது சொல்ல வேண்டும். சத்தம் நின்றால் இழுக்க வேண்டும்.

நல்ல பழக்கம்தான். குறை சொல்லமாட்டேன். ஆனால் அது பழைய முறைக்கு ஏற்பட்டது. இனிப்பு அடங்கிய சக்கை செத்த சக்கை, இனிமேல் காற்று விடாது. காலையில் மெழுகுவத்தி எரிந்தால் மத்தியானமும் எரியும். நான் நான்கு நாள் முன்னால் வடிக்கச் சொன்ன சக்கை செத்திருக்கவில்லை. அதற்குள் இன்னும் இனிப்பு இருந்தது. மேலே ஒன்றும் தெரியாது. கிளறக் கிளற அடியில் தேங்கியிருந்தது எழும். மெழுகுவத்தி காட்டுவது அது இறங்கிய நேரத்தை மட்டும்தான்.

இது இரண்டாம் வருடப் பாடம். எனக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியாது. ஒயினைப் பற்றிச் சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னேன். சக்கையைப் பற்றி என்னை யாரும் கேட்கவில்லை.

காற்றை அளக்கும் கருவி ஒன்று வீட்டில் இருந்தது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். என் முதல் சம்பளத்தில் வாங்கியது. "எங்க மூக்க விட அது பெரிய மூக்கா?" என்று அப்பா அதன் பேட்டரியைக் கழற்றி டிவி ரிமோட்டில் போட்டுக்கொண்டார். சக்கை வாருவதற்கு முந்தின நாள் கடைக்குப் போனபோது நான் புது பேட்டரி வாங்கினேன். மறுநாள் காலை அது என் ஏப்ரன் பையில்தான் இருந்தது.

ஒன்பது மணிக்கு மெழுகுவத்தி இறங்கியது, அணையவில்லை. தம்பி இறங்கினான். அப்பா கயிற்றைப் பிடித்துக்கொண்டு வாளி இழுத்தார். நான் வாசற்கல்லில் நின்றேன். தம்பி திருவிழாப் பாட்டு ஒன்றைத் தாளமில்லாமல் கத்திக்கொண்டிருந்தான்.

"போதும்டா, ஒயின் பயந்துரும்" என்றார் அப்பா.

"பயந்தா நல்லதுதான். காடியாகாம ஒழுங்கா இருக்கும்" என்றான் கீழேயிருந்து.

பத்து மணிக்கு அடுப்படியில் போன் அடித்தது. பில்பாவோவிலிருந்து கொள்முதல்காரர். பத்து மணிக்குக் கூப்பிடுங்கள், அப்பாவிடம் நேரடியாகப் பேசினால்தான் காரியம் நடக்கும் என்று அவரிடம் சொல்லிவைத்தது நான்.

அப்பா கயிற்றை இரும்பு வளையத்தில் கட்டினார். போகும்போது என்னைப் பார்த்து, "உள்ள வராத. இங்கயே நின்னு காது குடு. அவன் நிறுத்தினா என்னைக் கூப்பிடு" என்றார்.

நின்றேன்.

தம்பி பாட்டை விட்டுவிட்டுப் பேச ஆரம்பித்தான். "அக்கா, இருக்கியா?"

"இருக்கேன்."

"அந்த லேபிள் விஷயம். நான் அப்பாகிட்ட பேசறேன். இந்த வருஷம் வேண்டாம், கடுப்பாயிருவாரு. எனக்குன்னு வந்தப்புறம் நானே போட்டுடறேன். ஓரமா, சின்னதா, யாருக்கும் உறுத்தாம. சரியா?"

சின்னதாக. அதை அவன் பாசத்தோடுதான் சொன்னான். நான் சரி என்றேன்.

ஏதோ ஒரு பழைய பள்ளிக்கூடக் கதையை எடுத்தான். நடுவில் இருமினான். "என்னமோ தூக்கம் வருது அக்கா" என்று சிரித்தான். அப்புறம் சக்கை வாரும் மண்வெட்டி கீழே விழுந்த சத்தம் கேட்டது. அதற்கப்புறம் சத்தம் இல்லை.

வாசலிலிருந்து கயிறு கட்டிய வளையத்துக்கு ஏழு காலடி வைக்க வேண்டும். அடுப்படிக்கு நாற்பது காலடி. கூப்பிட்டிருந்தால் அங்கே கேட்டிருக்கும். நான் கூப்பிடவில்லை, உள்ளேயும் போகவில்லை. போகக்கூடாது என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். பன்னிரண்டு வயதிலிருந்து சொல்லியிருந்தார்கள். காலையில் தம்பி ருசி பார்க்கக் கொடுத்த குவளை கையில் இருந்தது. அதை முற்றத்துக் குழாயில் நன்றாகக் கழுவினேன், வெயிலில் கவிழ்த்து வைத்தேன். அப்புறம்தான் அடுப்படிக்குப் போனேன். "அப்பா, ஹினேஸ் பாடறத நிறுத்திட்டான்."

அவர் போனைப் போட்டுவிட்டு ஓடினார். கயிற்றை இழுத்தார், பாரம் மேலே வரவில்லை. ஏணியில் காலை வைத்தார். அப்போது நான் வாசற்கல்லைத் தாண்டி உள்ளே போய், அவர் இடுப்பு பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துப் பின்னால் இழுத்துத் தரையில் தள்ளி, மேலே உட்கார்ந்துகொண்டேன். இறங்கியிருந்தால் அவரும் செத்திருப்பார். ஊரே என்னைப் பாராட்டியது. பாதிரியார் பூசையில் என் பெயரைச் சொன்னார். உங்கள் அறிக்கையில்கூட 'மகளின் சமயோசிதத்தால்' என்று ஒரு வரி இருக்கிறது. அவர் உயிரோடு இருக்க வேண்டியிருந்தது. லேபிளை மாற்றும் அதிகாரம் அவருக்கு மட்டும்தான்.

நான் காத்திருந்தேன். துக்கத்துக்கு மரியாதை கொடுத்தேன். குளிர்காலத்தில் கொடிகளை நானே கத்தரித்தேன். தொட்டி வாசல்வரை இப்போது நான் போவதை யாரும் தடுக்கவில்லை. மகனே இல்லாமல் அந்தப் பலகையை அவர் எப்படி வைத்திருப்பார் என்று நினைத்தேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

ஒயின் நன்றாக வந்தது. நன்றாக என்றால், எங்கள் மேட்டிலிருந்து இப்படி ஒன்று வந்ததில்லை என்று மத்ரித்திலிருந்து ருசி பார்க்க வந்தவர் சொன்னார். கறுப்புப் பழமும் மழைக்கு முந்தைய மண்ணும், கசப்பே இல்லை.

போன வாரம் அச்சகத்திலிருந்து லேபிள் கட்டு வந்தது. அப்பாவே பிரித்தார். மேலே 'மொன்சால்வேயும் மகனும்' அப்படியே இருந்தது. நடுவில், பெரிய எழுத்தில், ஒயினின் பெயர்: 'ஹினேஸ்'.

"அவன் கை கடைசியாப் பட்டது" என்றார் அப்பா. "இது அவன் பண்ணின ஒயின். நாலு நாள் முன்னாடி வடிக்கணும்னு அவனுக்குத் தோணிருக்கு பாரு." அவர் பொய் சொல்லவில்லை, சார்ஜென்ட். அப்படித்தான் அவருக்கு நினைவிருக்கிறது.

அம்மா என்னைத் தனியாக அழைத்துச் சொன்னாள். "இப்பவும் கேக்காத. சத்தியமாச் சொல்றேன், இப்பக் கேட்டா அவரு செத்துருவாரு."

நான் கேட்கவில்லை. ஒருமுறைதான் கேட்டேன், அதோடு சரி.

குற்ற உணர்ச்சியால் வந்தேன் என்று எழுதாதீர்கள், அது அழகாக இருக்கும், ஆனால் சரியில்லை. அந்தத் தொட்டியில் நடந்தது எதுவும் தம்பி செய்தது இல்லை. ஒயினும் இல்லை, மற்றதும் இல்லை. இரண்டும் ஒரே முடிவு, அந்த முடிவு என்னுடையது. யார் செய்தது என்று ஒரு தாளிலாவது சரியாக எழுதியிருக்க வேண்டும். நியேவெஸ் மொன்சால்வே. முழுதாக எழுதுங்கள், ஓரமாக வேண்டாம்.

இன்று காலை அப்பா முற்றத்தில் உட்கார்ந்து லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார். நானும் பசை தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பாதியில் எழுந்து கையைக் கழுவினேன்.

"எங்க போற? இன்னும் முந்நூறு சீசா கெடக்கு."

"பேரு குடுத்துட்டு வரேன்" என்றேன்.

"சீக்கிரம் வா" என்றார் அவர், தலையைத் தூக்காமல். பசைக் கிண்ணத்தை அவர் கைக்கு எட்டும்படி நகர்த்தி வைத்துவிட்டு, வெளி வாசற்கல்லைத் தாண்டி உங்கள் ஸ்டேஷனுக்கு நடந்தேன்.